குன்னூரில் ஒரு ஃபியட், மூன்று ஜெட்

மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் சொன்னார்: "மலை ஏறினா காத்து கம்மிங்க. ஜெட்டைச் சின்னதாக்கணும், இல்லைன்னா வண்டி கரும்புகை கக்கும்." கோயம்புத்தூரில் இன்னொருவர் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: "மலையில இழுவை பத்தலைன்னா ஜெட்டுல ட்ரில் போட்டுக் கொஞ்சம் பெரிசு பண்ணிருங்க, அப்புறம் பாருங்க." கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும், துளை வைத்த சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். இரண்டு பேருமே கார்புரேட்டரோடு வாழ்க்கையைக் கழித்தவர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. குன்னூருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய ஃபியட்டின் கார்புரேட்டரைப் பிரித்து, மலைக்கு ஏற்ற மாதிரி வேகம் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 34 கிலோமீட்டர். தூரம் கொஞ்சம்தான், ஏற்றம்தான் பெரிது. கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டரில் கிளம்பும் பேருந்து, கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி 1,850 மீட்டருக்குப் போய்ச் சேர்கிறது. கிளம்பும் முன் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் எட்டிப் பார்த்தேன். பம்பின் நெற்றியில் 'இ20' என்ற ஸ்டிக்கர். லிட்டர் 102 ரூபாய்க்கு மேல். அந்த ஸ்டிக்கர்தான் கடைசியில் முக்கியமான சாட்சியாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

பர்லியாரில் வண்டி நின்றது. டீ 15 ரூபாய். பழக்கடைகளில் பலாச்சுளை வாசம். இந்த நிறுத்தத்தில்தான் ஒரு காலத்தில் ஃபியட்டும் அம்பாசடரும் பானெட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். எஞ்சின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு டிரைவர் பீடி பற்ற வைப்பார். இப்போது அப்படி ஒரு வண்டியும் இல்லை. 2000-த்தை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. காற்று எவ்வளவு என்பதை சென்சார் அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைக் கொடுத்துவிடுவதால், இன்றைக்குக் கார் ஓட்டுபவருக்கு மலை ஏறும்போது காற்று மெலிகிறது என்பதே தெரிவதில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோத்தகிரி சாலையில் மினி பஸ். இறங்கி தேயிலைச் செடிகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர் நடை. பக்கத்து ஃபேக்டரியில் இலை வாடும் பச்சை வாசம் காற்றோடு வந்தது. தகரக் கூரை, கல் சுவர், இரண்டு பக்கமும் திறந்த கொட்டகை. உள்ளே க்ரீம் நிற பிரீமியர் பத்மினி, எல்லோரும் ஃபியட் என்றே சொல்லும் வண்டி. பானெட் ஏற்கெனவே திறந்திருந்தது.

அவர் அரவங்காட்டுத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையைப் பார்த்தாலே தெரிகிறது. விரல் நுனிகள் தட்டையாக, நகங்கள் ஒட்ட வெட்டி இருந்தன. "வாங்க தம்பி. டீ குடிச்சுட்டுப் பாக்கலாமா, பாத்துட்டுக் குடிக்கலாமா?" என்றார். பார்த்துவிட்டே குடிக்கலாம் என்றேன்.

சாக்கு விரித்து அதன் மேல் சாமான்களை வைத்திருந்தார். 14-ஆம் நம்பர் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ், ஷேவிங் பிளேடு, 400-லும் 600-லும் வாட்டர் பேப்பர், பழைய ஜன்னலின் கண்ணாடித் துண்டு ஒன்று, எண்ணெய்க் குப்பி, பள்ளிக்கூட லேபில் இருப்பது போன்ற 100 மில்லி அளவுக் குழல். "இவ்வளவுதானா?" என்றேன். "இதுக்கு மேல வாங்கினா அழகுக்குத்தான்" என்றார்.

முதலில் அவர் காட்டியது ஒரு தாள். போன மாதம் எடுத்த புகைச் சான்றிதழ். இந்த வயது கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.-க்குள்ளும் இருந்தால் தேறிவிடும். இந்த வண்டி தேறியிருந்தது. பிறகு நாலு பிளக்கையும் கழற்றி சாக்கில் வரிசையாக வைத்தார். நாலும் கன்னங்கரேல் என்று இருந்தன. விரலால் தொட்டேன், கரி வெல்வெட்டாக ஒட்டியது. சான்றிதழ் சொல்வதும் பிளக் சொல்வதும் வேறு வேறு. காரணம் எளிது. புகைச் சோதனையை வண்டியை ஐட்லிங்கில் வைத்துச் செய்கிறார்கள். அப்போது பெட்ரோல் பைலட் ஜெட் வழியாகத்தான் போகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து மேடு ஏறும்போது வேலை செய்யும் மெயின் ஜெட்டை அந்த மெஷின் பார்ப்பதே இல்லை.

கார்புரேட்டர் இரண்டு நட்டில் நிற்கிறது. கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கையில் வாங்கினேன், துத்தநாகக் கலவை வார்ப்பு, சின்னதுதான், ஆனால் கனம். ஒரு பக்கம் சோலெக்ஸ் என்ற எழுத்து. பாரிஸில் குடார், மென்னெசன் என்ற இரண்டு எஞ்சினியர்கள் தொடங்கிய பெயர். நம் நாட்டில் அதைச் செய்தது சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட். அந்த நிறுவனமும் ஜப்பானின் மிகுனியும் சேர்ந்து 1985-இல் தொடங்கியதுதான் பிறகு மாருதிக்குக் கார்புரேட்டர் செய்த யூகால்.

அவர் ஜெட்டைத் தொடுவதற்கு முன் செய்த வேலைகளைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வேலையில் எல்லோரும் தாவிப் போவது ஜெட்டுக்குத்தான். கார்புரேட்டரின் அடித்தளத்தில் மார்க்கர் மையைத் தடவினார். கண்ணாடியின் மேல் 400 வாட்டர் பேப்பரைப் போட்டு, அடித்தளத்தை அதன் மேல் வைத்து எட்டு போடுவதைப் போல நாலு சுற்றுத் தேய்த்துத் திருப்பிக் காட்டினார். இரண்டு போல்ட் ஓட்டைகளின் பக்கம் மை அழிந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தது; நடுவில் மை அப்படியே இருந்தது. பல வருஷமாக யார் யாரோ நட்டை முறுக்கி முறுக்கி அடித்தளம் வில்லாக வளைந்திருக்கிறது. அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். மை முழுக்க அழியும் வரை தேய்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். இடையில் பேசவில்லை.

அடுத்தது பேக்கிங். கடையில் 40 ரூபாய்க்கு வாங்கியது. அதைக் கார்புரேட்டர் வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பேக்கிங்கின் ஓட்டை சிறியது. சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அட்டை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. 32 மில்லிமீட்டர் குழலில் இரண்டு பக்கமும் அவ்வளவு மறைந்தால் காற்று போகும் பரப்பில் ஏறக்குறைய 18 சதவீதம் அடைபடுகிறது. பிளேடால் சுற்றி வெட்டினார். "காசு செலவில்லாத பவர் இதுதான் தம்பி. ஆனா இதை யாரும் செய்ய மாட்டாங்க" என்றார். த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் லேசாக இருந்தது. வண்டி ஓடும்போது அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், காற்று கசிவது உண்மையானால் ஐட்லிங் சத்தம் மாறும் என்றார். பிறகு விட்டுப் பார்த்தோம், மாறவில்லை.

இனி ஜெட். மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெளிப்பக்கமாகவே ஒரு பித்தளைத் திருகு இருக்கிறது. அதை 14 ஸ்பேனரால் கழற்றினால் நுனியில் மெயின் ஜெட். கார்புரேட்டரைப் பிரிக்கவே வேண்டாம். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பக்கவாட்டில் 120 என்று பொறித்திருந்தது. அதாவது துளை 1.20 மில்லிமீட்டர். இந்தக் காரை அவருக்கு விற்றவரும் ஜெட்டை மாற்றவே இல்லை என்று அடித்துச் சொன்னாராம்.

"நம்பர் சொல்றதை விடுங்க. தண்ணி சொல்லட்டும்" என்றார். சுவரில் ஒரு புனல் மாட்டியிருந்தது. அதன் அடியில் ஓர் அடி நீளத்துக்கு ரப்பர் குழாய், நுனியில் ஜெட்டைச் செருக ஒரு பித்தளைப் பிடி. புனலில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்படி மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே 100 மில்லி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். என் போனில் நேரம் பார்த்தேன். காரிலிருந்து எடுத்த ஜெட்: 42 விநாடி. பாக்கெட்டில் இருந்து பிரித்த புது 120 ஜெட்: 49 விநாடி. திரும்பச் செய்தோம், அதே எண்கள்தான் வந்தன. மூன்றாவதாக அவர் வைத்திருந்த 112.5 ஜெட்: 56 விநாடி.

ஆக 120 என்று எழுதியிருந்த பழைய ஜெட்டை யாரோ ட்ரில் வைத்து 130-க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெட்ரோல் 17 சதவீதம் கூடுதல். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது துளையின் உள்சுவரில் சுருள் சுருளாகக் கீறல் தெரிந்தது. புது ஜெட்டின் துளை வழவழப்பாக இருந்தது.

மெலிந்த காற்றில் கார்புரேட்டருக்கு என்ன ஆகிறது என்பதை அவர் ஒரு பழைய டைரியின் பின் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1,850 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 83 சதவீதம். கார்புரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை. காற்று ஓடும்போது உண்டாகும் உறிஞ்சலுக்குத்தான் பெட்ரோலை விடுகிறது. அடர்த்தி குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறையாது. அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குத்தான் குறையும். விளைவு, குன்னூரில் கலவை 9, 10 சதவீதம் செறிவாகிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட ஜெட்டின் பரப்பை 10 சதவீதம், அதாவது விட்டத்தை 5 சதவீதம் குறைக்க வேண்டும். 120-க்கு 114. கடையில் கிடைப்பது 112.5-உம் 115-உம். எஸ்டேட் டிரைவர்கள் அந்தக் காலத்தில் 112.5 போட்டு ஓட்டினார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். மேட்டுப்பாளையத்துக்காரர் சொன்னது இதைத்தான். கணக்கும் அவர் பக்கம்தான் இருந்தது.

எனக்கு அதோடு திரும்பிவிட மனசில்லை. மூன்றையும் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவருக்கும் அதுதான் ஆசை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு மேலே எஸ்டேட்டின் சொந்தச் சாலை. கேட்டிலிருந்து ஃபேக்டரி வளைவு வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்க ஏற்றம். அனுமதி வாங்கியிருந்தார், மதியம் கொழுந்து வண்டி வராத நேரம். மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஏற வேண்டும். வளைவு வந்ததும் கிளட்சை மிதித்து சாவியை அணைத்துவிட வேண்டும். ஏற்றம் என்பதால் வண்டி தானே நின்றுவிடும். அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜெட்டுக்கும் புது பிளக். ஐட்லிங்கில் ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினால் பிளக்கின் நிறம் மாறிவிடும், அப்புறம் பார்த்துப் பயனில்லை.

ட்ரில் போட்ட ஜெட்டோடு முதலில். நான் பக்கத்து சீட்டில். கேட்டைத் தாண்டியதும் எஞ்சின் முனகியது. இரண்டாவது திருப்பத்தில் மிதித்த மிதிக்கு வண்டி பதில் சொல்லவில்லை, தொண்டை அடைத்த சத்தம். பின்னால் பச்சைச் செடிகளின் மேல் சாம்பல் புகை படர்ந்தது. 1 நிமிடம் 52 விநாடி. பிளக்கின் ஓரம் கறுப்பு.

112.5 போட்டு ஏறியபோது வித்தியாசம் உடனே தெரிந்தது. சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதித்ததும் ஒரு கணம் வெறுமை, பிறகுதான் இழுவை. 1 நிமிடம் 44. பிளக்கின் பீங்கான் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. பெரியவர் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இது காயுது தம்பி. இப்படி வெளுக்கக் கூடாதே."

மூன்றாவது, புது 120. மலைக்குப் பெரிது என்று கணக்கு சொன்ன ஜெட். திருப்பத்தில் தயக்கமே இல்லை. மேலே போகப் போக இழுவை சீராக ஏறியது. 1 நிமிடம் 41. பிளக் இளம் பழுப்பு. எந்த மெக்கானிக்கும் பார்த்துத் தலையாட்டும் நிறம்.

இறங்கி வந்து டீ குடித்தோம், வர்க்கியோடு. கணக்கு எங்கே தப்பியது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து போய் அந்த அளவுக் குழலை எடுத்து வந்தார். அதில் 10 மில்லி தண்ணீர் ஊற்றினார். அதன் மேல், வண்டியில் இருந்து எடுத்த பெட்ரோல் 90 மில்லி. வாயை அடைத்து நன்றாகக் குலுக்கி, வாசலோரம் நெருப்பு இல்லாத இடத்தில் வைத்தார். பத்து நிமிடத்தில் இரண்டும் பிரிந்தன. தண்ணீரின் கோடு 10-இல் நிற்கவில்லை. 27-ஐத் தாண்டி நின்றது. பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கீழே இறங்கியிருக்கிறது. 90 மில்லியில் ஏறக்குறைய 18 மில்லி. ஐந்தில் ஒரு பங்கு. மேட்டுப்பாளையம் பம்பின் நெற்றியில் ஒட்டியிருந்ததும் இதுதான்.

பழைய பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் தேவை 13.5-க்கு இறங்கிவிடுகிறது. அதே ஜெட்டில் இந்தப் பெட்ரோலை விட்டால் கலவை 8 சதவீதம் மெலிகிறது. மலை 10 சதவீதம் செறிவாக்குகிறது, எத்தனால் 8 சதவீதம் மெலிவாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்டக் கழித்துக்கொள்கின்றன. எஸ்டேட் டிரைவர்கள் போட்ட 112.5 அவர்கள் காலத்துப் பெட்ரோலுக்குச் சரி. மலை அதேதான் இருக்கிறது. டேங்கில் இருப்பது மாறிவிட்டது.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் ஆச்சரியம். கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் பலரும் எத்தனால் ரப்பரைக் கெடுக்கும் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊட்டிக்கு 2,240 மீட்டர், அங்கே காற்று 80 சதவீதம், செறிவு 12 சதவீதம் வரும். எத்தனால் கழித்தது போக 4 மிஞ்சும். ஒரு படி குறைத்து 117.5 போடலாம் என்பது கணக்கு. அதையும் பிளக்கைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன்.

கொட்டகையின் மூலையில் இரண்டு வாய் வைத்த ஒரு மேனிஃபோல்டு கிடந்தது, இரட்டைக் கார்புரேட்டருக்காக அவரே பைப்பில் வெட்டிப் பற்றவைத்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமானத் தளத்தில் ஃபியட்டுகள் பந்தயம் ஓடியதை இளவயதில் பார்த்தவர். அந்த ஆசை போகவில்லை. ஆனால் அதை மாட்டவில்லை. 1,089 சி.சி. எஞ்சின் சமவெளியில் கொடுப்பதே 40 குதிரைத் திறன்தான். குன்னூரில் காற்று குறைவதாலேயே அதில் ஏழு, எட்டு போய்விடும். எந்த ஜெட்டும் எத்தனை கார்புரேட்டரும் இல்லாத காற்றைக் கொண்டுவந்து சேர்க்காது. கலவை கெட்டதால் வீணான திறனைத்தான் கார்புரேட்டர் வேலையால் மீட்க முடியும். அன்றைக்கு நான் பார்த்த 11 விநாடி அதுதான். வேண்டுமானால் மெலிந்த காற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டரை ஒன்றிரண்டு டிகிரி முன்னால் தள்ளலாம். அதையும் செய்திருந்தார், கோவைக்குப் போகும் முன் திருப்பி வைக்க வேண்டும் என்று டாஷ்போர்டில் சீட்டு ஒட்டியிருந்தார்.

மலையில் பழைய ஃபியட், அம்பாசடர், மாருதி 800, ஜிப்சி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஜெட்டில் யாரையும் ட்ரில் வைக்க விடாதீர்கள். பெரிதான துளையைத் திரும்பச் சிறிதாக்க வழியில்லை. 112.5 போல ஏற்கெனவே குறைத்த ஜெட் உங்கள் வண்டியில் இருந்தால் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அந்த ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை சாலையில் விரட்டாதீர்கள். கீழே மலையின் செறிவு போய்விடும், எத்தனாலின் மெலிவு மட்டும் நிற்கும், சின்ன ஜெட்டின் குறைவும் அதோடு சேரும். எஞ்சின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் உருகும் வரை போகலாம். புது 120 ஜெட் அவருக்கு 180 ரூபாய்க்குக் கிடைத்தது. மாற்றப் பத்து நிமிடம், ஒரே ஒரு 14 ஸ்பேனர்.